மலையூரின் பழைய கோல்ஃப் மைதானத்துக்குக் காப்பு எல்லை வகுப்பது எப்படி

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ஆம் ஆண்டையும், உதகை ஜிம்கானா கிளப் 1896ஆம் ஆண்டையும் தம் தொடக்கமாகக் கொண்டவை. அவற்றின் மைதானங்கள் அமைந்தபோது அந்தச் சரிவுகள் ஊருக்கு வெளியே கிடந்தன. இன்று ஊர் வளர்ந்து அவற்றின் வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மலையில் ஒரு சென்ட் நிலம் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, நூறு ஏக்கர் அளவில் கட்டடமே இல்லாமல் கிடக்கும் ஒரு புல்தரை எத்தனை பேர் கண்ணை உறுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய மைதானம் ஒன்றை, அதைச் சுற்றி வாழும் மக்கள் சட்டத்தின் துணையோடு எப்படிக் காப்பு எல்லைக்குள் கொண்டுவரலாம் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மைதானத்தைக் காப்பது வேறு, அதை நடத்தும் கிளப்பைக் காப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோகும் மனு பெரும்பாலும் முதல் மேசையிலேயே நின்றுவிடும். ஏனெனில், சில நூறு உறுப்பினர்களின் பொழுதுபோக்குக்காக ஊர் ஏன் தன் நிலத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த மனுவில் விடை இருக்காது. நிலத்தை முன்னிறுத்தி, விளையாட்டை அந்த நிலத்தின் பயன்களில் ஒன்றாக மட்டும் வைத்து எழுதப்படும் மனுவுக்கு அந்த இக்கட்டு இல்லை.

அமெரிக்க முறையும் நம் சட்டமும்

அமெரிக்காவில் இத்தகைய வேலைக்குச் 'சிறப்பு மாவட்டம்' என்ற ஏற்பாடு இருக்கிறது. மாவட்டம் என்றால் ஆட்சியர் அமர்ந்திருக்கும் நம் மாவட்டம் அன்று. ஒரே ஒரு வேலைக்காக எல்லை வகுத்து அமைக்கப்படும் சிறிய உள்ளாட்சி அமைப்பு. தீயணைப்பு, குடிநீர், பூங்கா, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்நாட்டில் 38,000க்கும் மேற்பட்ட இத்தகைய அமைப்புகள் இருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறினாலும் பொதுவான நடைமுறை ஒன்றுதான்: குடியிருப்போரோ நில உரிமையாளரோ கையெழுத்திட்டு மனுக் கொடுப்பார்கள், எல்லை வரையப்படும், பொது விசாரணை நடக்கும், பல இடங்களில் வாக்கெடுப்பும் நடக்கும், அதன்பின் ஒரு நிர்வாகக் குழு அமைந்து, அந்த எல்லைக்குள் வரியோ கட்டணமோ வசூலித்து வேலையை நடத்தும். பழமை வாய்ந்த பகுதிகளைக் காக்கும் எல்லை என்பது அங்கே தனி மரபு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931ஆம் ஆண்டிலேயே அப்படி ஒரு பகுதியை வகுத்துக் கட்டட மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது.

தமிழ்நாட்டில் குடியிருப்போர் வாக்களித்துத் தாமே வரி விதித்துக்கொள்ளும் அமைப்புக்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் உறுப்புகளான எல்லை, நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு, உள்ளூர்க் குழு, நிதி ஆகியவை வெவ்வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து ஒரே நிலத்தின் மீது அடுக்குவதுதான் நாம் செய்யக்கூடியது. எந்த ஓர் அடுக்கும் தனியாகப் போதாது என்பதைப் பின்னால் வரும் எடுத்துக்காட்டுகள் காட்டும்.

முதலில் நிலம் யாருடையது

இதை அறியாமல் கூட்டம் போடுவதிலும் பதாகை கட்டுவதிலும் பயன் இல்லை. மலையில் பழைய மைதானங்களின் நிலம் பெரும்பாலும் ஒரே வகையாக இருப்பதில்லை. ஒரு பகுதி கிளப்பின் பெயரில் பட்டாவாகவும், ஒரு பகுதி அரசுப் புறம்போக்கைக் குத்தகைக்கு எடுத்ததாகவும், விளிம்பில் ஒரு துண்டு வனத்துறைக்கு உரியதாகவும் கலந்திருக்கலாம். ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒவ்வொரு நில அளவை எண்ணுக்கும் உரிய புல வரைபடம், பட்டா, நகரப் பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றைப் பெற வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். குத்தகை நிலமாக இருந்தால், குத்தகை ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வந்தாக வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். கேட்கும்போது 'மைதானம் தொடர்பான எல்லா ஆவணங்களும்' என்று எழுதாமல், அளவை எண்ணைக் குறிப்பிட்டு, குத்தகை தொடங்கிய நாள், முடியும் நாள், ஆண்டு வாடகை, நிலுவை, நிலம் எந்தப் பயனுக்காக வழங்கப்பட்டது என்ற நிபந்தனை ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகவே பதில் வரும்.

குத்தகைக் காகிதத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உதகையின் நடுவிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானத்தின் குத்தகை 1978ஆம் ஆண்டிலேயே முடிந்திருந்தது. வாடகை நிலுவை வழக்காக வளர்ந்து, 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 52 ஏக்கர் நிலத்தை வருவாய்த் துறை மீட்டுக்கொண்டது. அந்த மைதானம் எவ்வளவு பழையது, எத்தனை தலைமுறை அதை நேசித்தது என்பவை எல்லாம் குத்தகை முடிந்த நிலத்தின் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அதே நிகழ்வில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நிலத்தை மீட்ட அரசு அதை மனைகளாக்கவில்லை, பூங்காவாக்கவே முனைந்தது. பந்தயத்துக்கு இடம் போயிற்று, ஊருக்குத் திறந்தவெளி நின்றது. நிலத்தைக் காப்பதும் அதில் நடக்கும் விளையாட்டைக் காப்பதும் வேறு என்று மேலே சொன்னதன் பொருள் இதுதான்.

குத்தகை முடியும் தறுவாயில் இருந்தால், காப்பு எல்லைக்கான மனுவை அதற்குப் பின்னால் தள்ளிப்போடக் கூடாது. புதுப்பிக்கும் ஆணையிலேயே 'திறந்தவெளியாக மட்டும் பயன்படுத்த வேண்டும், உள்குத்தகைக்கு விடக் கூடாது, நடைபாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும்' என்ற நிபந்தனைகளைச் சேர்க்கும்படி ஆட்சியரிடம் கேட்பது, பிறகு பத்து ஆண்டுகள் அலைந்து பெறும் அறிவிக்கையைவிடச் சில வேளைகளில் வலுவானதாக அமையும்.

எல்லையும் பதிவேடும்

புல வரைபடங்களை ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்கி, அதன் மீது நிலத்தில் உண்மையில் இருப்பதைக் குறிக்க வேண்டும்: மழித்துப் பராமரிக்கப்படும் ஆடுதரை, மழிக்காமல் விடப்பட்ட புல்பகுதி, சோலை மரத் தொகுதிகள், சீகை (வாட்டில்) மரம் அல்லது தைலமரம் நட்ட இடங்கள், ஊற்று, சதுப்பு, ஓடை, பழைய கட்டடங்கள், ஊரார் காலங்காலமாக நடந்துவரும் ஒற்றையடிப் பாதைகள். இந்த வேலையை ஒரே நாளில் முடிக்க இயலாது. கோடையில் வறண்டு கிடக்கும் சதுப்பு ஐப்பசி மழையில்தான் தன்னைக் காட்டும் என்பதால், இரண்டு பருவமாவது நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்வமிகுதியில் பலர் தம் மனுவில் மைதானத்தை 'தொன்மையான இயற்கைப் புல்வெளி' என்று எழுதிவிடுகிறார்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு இடையே இயற்கையான புல்வெளிகள் பரந்திருந்தன என்பதும், அவற்றில் பெரும்பகுதி சீகைக்கும் தைலமரத்துக்கும் தேயிலைக்கும் இரையாயின என்பதும் உண்மை. ஆனால் வாரந்தோறும் மழிக்கப்பட்டு, உரம் தெளிக்கப்பட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயூப் புல் படர்ந்த ஆடுதரை அந்தப் புல்வெளி அன்று. இதை அறிந்த ஒரு தாவரவியலர் விசாரணையில் எழுந்து நின்றால் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆடுதரை ஒரு வரலாற்று நிலத்தோற்றம். அதைச் சுற்றியுள்ள மழிக்காத பகுதியும் சோலையும் சதுப்பும் இயற்கை வாழிடம். இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் வரைந்து, இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் சொல்ல வேண்டும். எந்தக் காப்பை எதன் மீது போடுவது என்ற அடுத்த முடிவும் இந்த நிறங்களைப் பொறுத்தே அமையும்.

வரலாற்றுப் பக்கத்துக்குப் பழைய நில அளவைப் படங்கள், மாவட்ட விவரச் சுவடிகள், கிளப்பின் பழைய குறிப்பேடுகள், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் அரசாணைகள் ஆகியவை உதவும். வாய்மொழிப் பதிவையும் விட்டுவிடக் கூடாது. தலைமுறையாகப் புல் வெட்டியவர்களும், ஆடுவோரின் பையைச் சுமந்தவர்களும் மைதானத்தின் ஒவ்வொரு மேட்டுக்கும் தம் மொழியில் பெயர் வைத்திருப்பார்கள். (அந்தப் பை சுமப்போரை ஆங்கில வழக்கப்படி 'கேடி' (caddie) என்றே மனுவில் எழுதி வைக்க வேண்டாம், நம் ஊர்க் காவல் நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு.) நீலகிரியில் மேய்ச்சல் நிலத்தின் முதல் உரிமை தோடர்களுடையது என்பதை மறந்து, வரலாறே ஆங்கிலேயர் மட்டையோடு வந்த நாளில் தொடங்கியதுபோல எழுதும் அறிக்கை முழுமையானதாக இருக்காது, அருகில் மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருந்தால் அவர்களுடைய பாதையும் மேய்ச்சலும் படத்தில் இடம்பெற வேண்டும்.

எந்தச் சட்டம் எதற்கு

ஆடுதரைக்கு மிக நெருங்கிப் பொருந்துவது பலரும் கேள்விப்படாத ஒரு சட்டம்: 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லையில் உள்ள இத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதும், பட்டியலில் ஏறிய இடத்தை முன் அனுமதி இன்றி வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்பதும் இதன் சாரம். நகராட்சியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'பட்டியல் இருக்கிறதா, அதில் இந்த இடம் இருக்கிறதா' என்பதுதான். இல்லை என்ற பதிலும் பயனுள்ளதே. எழுத்தில் வாங்கிவைத்தால், சேர்க்கச் சொல்லிக் கோரும் மனுவுக்கு அதுவே முதல் இணைப்பாகும்.

அடுத்தது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இதன்படி தயாராகும் முழுமைத் திட்டம் ஒவ்வொரு நிலத்துக்கும் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், விவசாயம், திறந்தவெளி என்று ஒரு பயன்பாட்டு வகையைக் குறிக்கிறது. கொடைக்கானலின் முழுமைத் திட்டம் 1993ஆம் ஆண்டில் வந்தது. அதை மீறி எழுந்த கட்டடங்கள் நீதிமன்றம் வரை போன கதையை அந்த ஊரார் அறிவார்கள். திட்டம் திருத்தி எழுதப்படும் காலம்தான் நமக்கு வாய்ப்பான காலம். வரைவு வெளியானதும் ஆட்சேபமும் ஆலோசனையும் தெரிவிக்க அவகாசம் தரப்படும். அந்த அவகாசத்தில் மைதானத்தின் எல்லா அளவை எண்களையும் குறிப்பிட்டு, அவற்றைத் திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு வகையில் வைக்கும்படி எழுத வேண்டும். ஒரே எண் விடுபட்டாலும், பின்னாளில் விடுதி எழும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் படிக்காமல் நிம்மதியாக உறங்கக் கூடாது. தனியார் நிலம் ஒன்றைப் பொதுப் பயனுக்கு என்று திட்டத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் அதைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். இந்தப் பிரிவைக் காட்டி எத்தனையோ பூங்கா நிலங்கள் தனியார் கைக்குத் திரும்பியிருக்கின்றன. ஆகவே பட்டா நிலத்தை 'பொதுப் பூங்காவுக்காக ஒதுக்கீடு' என்று கேட்பது நமக்கு நாமே குழி வெட்டிக்கொள்வதாகும். உரிமை கிளப்பிடமே இருக்க, பயன்பாட்டு வகை மட்டும் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்று கேட்பதே பாதுகாப்பு. வகை மாற்றம் கோரி யாரேனும் விண்ணப்பித்தால் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் விளம்பரம் வரும் என்பதால், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க ஒருவரை நியமிக்க வேண்டும்.

1990ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமம் கட்டடங்களுக்கு விதிக்கும் ஒப்புதல் விதிகளும், மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதியைக் கட்டாயமாக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் ஏற்கெனவே நம் மலைகளில் நடைமுறையில் இருப்பவை. புதிதாகக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. அவற்றின் குறை ஒன்றே. நம் மலைச் சட்டங்கள் பெரும்பாலும் மரத்தைப் பார்த்து எழுதப்பட்டவை, புல்லுக்கு அவற்றில் பாதுகாப்பு மிகக் குறைவு. மரமே இல்லாத ஆடுதரையில் வெட்ட அனுமதி கேட்க என்ன இருக்கிறது?

சோலையும் சதுப்பும் உள்ள வெளி வட்டத்துக்கு வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கோருவது. உள்ளாட்சி அமைப்போடு கலந்து மாநில அரசு இதை அறிவிக்கலாம். தமிழ்நாட்டின் முதல் தலமான மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது தலமான, கொடைக்கானல் இருக்கும் அதே திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி கோயில்காடு, 2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. காசம்பட்டித் தலத்தின் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். இடம் சிறியது என்று தயங்கத் தேவையில்லை. இதற்கு அடிப்படை, உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. குழு பல ஊர்களில் பெயரளவில்தான் இருக்கும். அதை உயிர்ப்பித்து, நாம் இரண்டு பருவம் நடந்து குறித்த பட்டியலைப் பதிவேட்டில் ஏற்றச் செய்வது பெரிய வேலை, ஆனால் தவிர்க்க முடியாத வேலை.

இந்த அறிவிக்கையை இரும்புக் கவசம் என்று எண்ணிவிட வேண்டாம். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க உரிமம் 2024ஆம் ஆண்டில் ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் 2024 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அறிவிக்கை ஏலத்தைத் தடுத்துவிடவில்லை; எதிர்த்து நின்றவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாக இருந்தது.

இரண்டாவது வழி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அனுமதிக்கும் இரு வகைக் காப்பகங்கள். சரணாலயத்தை ஒட்டியிருக்கும் அரசு நிலத்தைப் பாதுகாப்புக் காப்பகமாகவும், தனியாரோ ஊராரோ மனமுவந்து முன்வரும் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாகவும் அரசு அறிவிக்கலாம். இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகம் நம் திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூரில், பறவைகளுக்காக 2005ஆம் ஆண்டில் அமைந்தது. உள்ளூர்ப் பிரதிநிதிகள் இடம்பெறும் மேலாண்மைக் குழு இதில் உண்டு என்பதால், அமெரிக்கச் சிறப்பு மாவட்டத்தின் சாயல் நம் சட்டங்களில் இதில்தான் ஓரளவு தெரிகிறது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபின் அந்த மலைக்கு இந்த வழி இன்னும் பொருத்தமாகிவிட்டது. காட்டெருமைகள் மாலையில் மைதானத்தில் மேய்வதை அங்கே யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஆயினும் ஆடுதரையை இந்த எல்லைக்குள் கொண்டுவருமுன் இருமுறை யோசிக்க வேண்டும். பாதுகாப்புக் காப்பகத்தில் வனவிலங்குக்குத் தீங்கு செய்யக்கூடிய இரசாயனத்துக்குத் தடை உண்டு. களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் இல்லாமல் பந்து உருளும் புல்தரையைப் பேணுவது பெரும்பாடு. சமுதாயக் காப்பகத்திலோ, மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இன்றி நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. கட்டடத்தைத் தடுக்க அது நல்ல பூட்டு, ஆனால் சாவி இனிக் கிளப்பிடம் இருக்காது என்பதை அதன் உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் கணிப்பில், ஆடுதரைக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டமும் முழுமைத் திட்ட வகையும், வெளி வட்டத்துக்குப் பல்லுயிர்த் தலமும் என்று இரண்டு வட்டமாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

பழைய கிளப் கட்டடத்துக்குத் தனி வழி தேட வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் காத்திருந்தது. கட்டடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கக் கோர இனி அதுவே இடம்.

முழு ஊருக்குமாகப் பெரிய அளவில் சிந்திப்பவர்களுக்கு மகாராட்டிரத்தில் முன்மாதிரி இருக்கிறது. மகாபலேஷ்வர்–பஞ்ச்கனி 2001ஆம் ஆண்டிலும், மாத்தேரான் 2003ஆம் ஆண்டிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி சூழல் உணர்திறன் மிக்க பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. மண்டலத் திட்டம், பாரம்பரிய இடங்களின் பட்டியல், கண்காணிப்புக் குழு ஆகியவை அந்த அறிவிக்கைகளிலேயே உள்ளன. ஆனால் ஒரு மைதானத்துக்காக இந்தக் கதவைத் தட்டினால் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்காரரும் எதிர்ப்பக்கம் போய்விடக்கூடும்.

சங்கம், தீர்மானம், மனு

மனுவைத் தனி நபர்கள் கொடுப்பதைவிடப் பதிவு பெற்ற சங்கம் கொடுப்பது நல்லது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரும் கோல்ஃப் ஆடுபவர்களாக இருந்தால் தொடக்கமே கோணலாகிவிடும். மைதானத்தின் கீழ்ச்சரிவில் அதன் ஊற்று நீரைப் பயன்படுத்தும் ஹட்டியை (படுகர் சிற்றூரை) சேர்ந்த ஒருவர், புல் வெட்டும் தொழிலாளி ஒருவர், அருகிலுள்ள பள்ளியின் ஆசிரியர் ஒருவர், கடைக்காரர் ஒருவர் இருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் குழு உள்ளே நுழையும்போதே பாதி வாதம் சொல்லப்பட்டுவிடும்.

சங்கத்துக்கு அடுத்த படி உள்ளாட்சித் தீர்மானம். மைதானம் நகராட்சி எல்லையில் இருந்தால் பகுதி சபையில் பேசி, வார்டு உறுப்பினர் வழியாக நகர்மன்றக் கூட்டப் பொருளில் சேர்க்க வேண்டும். ஊராட்சி எல்லையில் இருந்தால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. தீர்மானத்தின் சொற்களை நாமே எழுதிக்கொண்டு போவது நலம். இப்படி அமைக்கலாம்:

'இவ்வூராட்சியின் எல்லைக்குட்பட்ட, இணைப்பில் கண்ட நில அளவை எண்களைக் கொண்ட மைதானம் நூறாண்டுக்கும் மேலாகத் திறந்தவெளியாக இருந்து வருவதாலும், அதன் சரிவிலுள்ள ஊற்றுகள் கீழ்ப்பகுதிக் குடியிருப்புகளின் நீராதாரமாக இருப்பதாலும், மேற்படி நிலத்தைத் திறந்தவெளியாகப் பட்டியலிடவும், முழுமைத் திட்டத்தில் அதே வகையில் தொடரவும், இணைப்பு வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டப்பட்ட பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கவும் அரசைக் கேட்டுக்கொள்வதென இச்சபை தீர்மானிக்கிறது.'

கிளப்பின் பெயர் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். நீராதாரம் பற்றிய வரியை உண்மையாக இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தின் சான்றிட்ட நகலைக் கையோடு பெற்று, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே மனுவின் நகல்கள் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் அதே வாரத்தில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு துறையும் மற்றதன் கருத்தைக் கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லியே ஓர் ஆண்டு ஓடிவிடும்.

கிளப்போடு செய்துகொள்ளும் உடன்பாடு

கிளப் எதிர்த்தால் மேலே சொன்ன அடுக்குகளில் பாதி நடக்காது. ஆகவே மனுவுக்கு முன்பே அதன் நிர்வாகக் குழுவோடு பேசி எழுத்து வடிவில் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். ஊர் கேட்க வேண்டியது திறந்த கதவு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் உலகக் கோல்ஃப் ஆட்டத்தின் தாய்வீடு எனப்படுவது. தனியார் கைக்குப் போயிருந்த அந்நிலத்தை 1894ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியே ஊர் மன்றம் திரும்பப் பெற்றது. 1974ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் அதன் நிர்வாகத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் ஆடுதரையில் நடக்கிறார்கள். அந்த விளையாட்டு பிறந்த ஊரிலேயே இது இயலும் என்றால், நம் கிளப்புகளிடம் வாரத்தில் ஒரு காலைப்பொழுதும், பள்ளி மாணவர்களுக்கு மாதம் ஒரு நாளும் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. அதோடு தண்ணீர் எடுக்கும் அளவு, தெளிக்கும் மருந்தின் பட்டியல், தொழிலாளர்களின் வேலைப் பாதுகாப்பு ஆகியவையும் உடன்பாட்டில் இடம்பெற வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, சிறப்பு வரி நமக்கு இல்லை என்பதால் மூலநிதி ஒன்றைச் சேர்ப்பதே வழி. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சூழலும் பாரம்பரியமும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளியூர் ஆட்டக்காரர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதிக்கு ஒதுக்கும்படியும் உடன்பாட்டில் எழுதலாம்.

நீதிமன்றத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. நீலகிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்கும், கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் அங்குள்ள வழக்குகள் மதுரைக் கிளைக்கும் போகும். சூழல் கேடு தொடர்பானவற்றுக்குச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், முதல் மண் அள்ளும் இயந்திரம் வந்த நாளைப் புகைப்படத்தோடு குறித்து வைப்பது முக்கியம். வழக்கின் வீச்சு எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல இயலாது என்பதற்கும் இந்த மலையே சாட்சி: கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995ஆம் ஆண்டில் தொடுத்த வழக்குதான், 'காடு' என்ற சொல்லுக்கு நாடு முழுவதற்கும் பொருள் வகுத்த 1996 டிசம்பர் ஆணையாக வளர்ந்தது.

அறிவிக்கைகள் கிடைத்த பின்னும் சங்கத்தைக் கலைத்துவிடக் கூடாது. ஆண்டுதோறும் தை மாதத்தில், மழை ஓய்ந்து பனி இறங்கிய பிறகு, வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லைக் கற்களை ஒவ்வொன்றாக நடந்து பார்க்க வேண்டும். நகர்ந்த கல் எதுவானாலும் அன்றே நில அளவைத் துறைக்கு எழுத வேண்டும். சங்கத்தின் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் குத்தகை முடியும் நாளையும், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பாகப் புதுப்பிப்பு மனுக் கொடுக்க வேண்டிய நாளையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.